எக்ஸ் கையில் வந்தால்: ஆச்சி பதில்கள்

கேள்வி (கானாடுகாத்தான் வாசகி): ஆச்சிக்கு வணக்கம். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேத்தி, ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கும் ஸ்கிராபிள் ஆட தினமும் என்னைக் கூப்பிடுகிறாள். நேற்று எக்ஸ், யூ என்ற இரண்டு எழுத்தை மட்டும் அடுக்கிவிட்டு ‘சூ’ என்றாள். நாயை விரட்டும் சத்தத்துக்கெல்லாம் புள்ளி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அது நாயை விரட்டும் சத்தம் இல்லை, காசு. வியட்நாமில் நூறு சூ சேர்ந்தால் ஒரு டாங். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சில்லறைக் காசை அதே போலத்தான் ‘சூ’ என்பார்கள். அவர்கள் ஆட்சியோடு வியட்நாமுக்குப் போன பெயர் அங்கேயே தங்கிவிட்டது. விலைவாசி ஏற ஏற அந்தக் காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது. இன்று அது செல்லுபடியாவது பேத்தியின் பலகையில்தான்.

நம் பக்கத்தில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் என்றாலே எல்லாருக்கும் பர்மாவும் மலேயாவும்தான் நினைவுக்கு வரும். வியட்நாமின் சைகோனை மறந்துவிடுகிறோம். அங்கே தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்கள் நகரத்தார். என் ஐயா அந்த ஊர் வட்டிக்கடை ஒன்றில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். அவர் விடியவிடிய எண்ணிய சில்லறைக்கு உங்கள் பேத்தி உட்கார்ந்த இடத்தில் ஒன்பது புள்ளி வாங்குகிறாள். எக்ஸுக்கு எட்டு, யூவுக்கு ஒன்று. கெட்டிக்காரிதான்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): இரண்டெழுத்தில் எக்ஸ் வரும் சொற்களை நினைவில் வைக்க ஏதாவது வழி உண்டா?

பதில்: மொத்தமே ஐந்து சொற்கள். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளுக்கும் ஆளுக்கொன்று. ஏ, இ, ஓ மூன்றும் எக்ஸுக்கு முன்னால் நிற்கும். ஐ, யூ இரண்டும் பின்னால் நிற்கும். முன்னால் நிற்பவை கோடரி, பிரிந்துபோன கணவன் அல்லது மனைவி, எருது. கோடரிக்கு ஆங்கிலேயர்கள் கடைசியில் ஒரு இ சேர்ப்பார்கள்; சேர்க்காமல் எழுதுவது அமெரிக்க வழக்கம். பின்னால் நிற்பவற்றில் ஒன்று கிரேக்க நெடுங்கணக்கின் 14-ஆவது எழுத்தான ‘ஸை’. இன்னொன்றுதான் மேலே சொன்ன காசு. உயிரெழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): மூன்றெழுத்துச் சொற்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: ‘பிக்ஸ்’. பி, ஒய், எக்ஸ். ஆங்கிலத்தின் ஐந்து உயிரில் ஒன்றுகூட இல்லாததால், கையில் மெய்யெழுத்தாகக் குவிந்து திண்டாடும்போது கைகொடுக்கும். பதினைந்து புள்ளி.

பொருள் இன்னும் ருசியானது. கத்தோலிக்க தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வைக்கும் சிறு பேழைக்கு அந்தப் பெயர். லண்டனில் மாதிரிக் காசுகளைப் போட்டுவைக்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான். நாணயச்சாலை அடித்த காசுகளில் சிலவற்றை எடுத்து வைத்து, பிறகு பொற்கொல்லர் சங்கத்து நடுவர் குழு எடையும் மாற்றும் பார்க்கும். இந்தச் சோதனை 13-ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவருகிறது. ஐசக் நியூட்டன் நாணயச்சாலைத் தலைவராக இருந்தபோது, 1710-இல், அவர் அடித்த தங்கக் காசே மாற்றுக் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் அசரவில்லை. என் காசு சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த 1707-ஆம் ஆண்டுத் தகடுதான் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது என்று வாதாடினார். ஐந்தொகைக் கணக்கு உதைக்கும்போது இப்படிப் பேச, வட்டிக்கடைகளை நடத்திய நம் மேலாட்களுக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்.

பணத்தாசை பிடித்தவர்களுக்கு ‘ஸாக்ஸ்’ இருக்கிறது. இசட், ஏ, எக்ஸ், பத்தொன்பது புள்ளி. கூரைக்கு வேயும் பலகைக்கல்லை வெட்டும் கருவி. நாம் ஓடு வேய்கிறவர்கள் என்பதால் நமக்கு வேலையில்லை.

கேள்வி (காரைக்குடி கல்லூரி மாணவி): ‘லக்ஸ்’ வைத்தேன். சோப்புப் பெயர் செல்லாது என்று அம்மான் மகன் எடுக்கச் சொல்லிவிட்டான்.

பதில்: சோப்புப் பெயர் செல்லாதுதான். ஆனால் லக்ஸ் வெளிச்சத்தை அளக்கும் அலகும்கூட. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் ஒரு லக்ஸ். பத்துப் புள்ளி உங்களுடையது. அவனிடம் வட்டியோடு வாங்குங்கள்.

கேள்வி (புதுவயல் வாசகர்): பொருளே தெரியாமல் சொற்களை அடுக்குவது ஒரு விளையாட்டா?

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த விளையாட்டை அமைத்த ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் கட்டைகளுக்கு மதிப்புப் போட்டார். அதனால்தான் இ பன்னிரண்டு கட்டை, எக்ஸ் ஒரே ஒரு கட்டை. எண்ணிக்கையில் பிறந்த ஆட்டம் எண்ணிக்கைக்காரர்களிடம் போய்ச் சேர்வது இயல்பு. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமல், அகராதியை உருப்போட்டே 2015-இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியை வென்றார். 2024-இல் ஸ்பானிய மொழிப் போட்டியையும் விட்டுவைக்கவில்லை.

என் வீட்டு முகப்பில் மட்டும் சட்டம் வேறு. பொருள் சொல்லத் தெரியாதவர் கட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பயந்து எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது பக்கத்து வீட்டில் ஆடுகிறார்கள்.