மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கான கையேடு நன்றாக அமைய என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் நிரல் எழுதுபவர் என்றும், கையேட்டையும் மேலாளர் உங்கள் தலையில் கட்டிவிட்டார் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கேள்வியைத் தாமாக விரும்பிக் கேட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் தயாரித்த ஒரு நிறுவனத்தில் கையேடு எழுதுவதே நெடுங்காலம் என் வேலையாக இருந்தது. என் பதிலில் கடை வாடை சற்றுத் தூக்கலாக இருந்தால் அதுவே காரணம்.

நான் சேர்ந்தபோது அங்கிருந்த கையேடு, திரையில் தெரியும் மெனுக்களின் வரிசையிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தி, பொத்தானின் பெயரையே சற்று நீட்டிச் சொல்லும். "கணக்காண்டை முடி" என்ற பொத்தானுக்கு, "இதை அழுத்தினால் கணக்காண்டு முடிவடையும்" என்பதே விளக்கம். ஆனால் கடைக்காரர் கேட்பது வேறு. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண்கள் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாகவும், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாமலும் இருக்க வேண்டும். மார்ச் 31 அன்று முடிக்க வேண்டிய கணக்கை ஒருவர் ஏப்ரல் 3 அன்று முடித்தால், இடையில் போட்ட பில்கள் பழைய ஆண்டின் எண்வரிசையில் நிற்குமா, புதிய வரிசைக்கு மாறுமா? அழுத்திய பிறகு பழைய ஆண்டின் பில்லைத் திருத்த முடியுமா? அழுத்துவதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டுமா? இவற்றில் ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. நிரல் எழுதியவரிடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் பார்த்தாலே புரியும்" என்றார். அவருக்குப் புரியும்தான், எழுதியவர் அவரல்லவா?

பிறகு வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர்களின் அருகில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். அழைத்தவர் எவரும் "கிரெடிட் நோட் பதிவு செய்வது எப்படி?" என்று கேட்கவில்லை, "விற்ற சரக்கு திரும்பி வந்துவிட்டது, பில்லை என்ன செய்வது?" என்றே கேட்டார்கள். அவர்கள் கேட்ட வரிசையில், அவர்கள் கேட்ட சொற்களிலேயே தலைப்புகளை மாற்றி எழுதிக் கொடுத்தேன். கண்ணியமாக இல்லை என்று மேலிடம் முதலில் திருப்பி அனுப்பியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே என் முதல் அளவுகோல் இதுதான்: வேலை நடுவில் சிக்கிக்கொண்டு நிற்பவர் அந்தப் பக்கத்தைக் கண்டடைய முடிய வேண்டும். பிழைச்செய்திகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் கையேட்டில் தருவதும் இதற்காகவே. அவர் அதைத்தான் அப்படியே தேடுபெட்டியில் இடுவார். செய்ய வேண்டிய படிக்கு முன்னாலேயே எச்சரிக்கையை எழுதுங்கள். படியைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் எச்சரித்தால், அவர் அதற்குள் அழுத்தியிருப்பார்.

இரண்டாவது, நேர்மை. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு 1971 நவம்பர் 3 என்று நாளிட்டு வந்த முதல் கையேட்டிலேயே, அந்தந்தக் கட்டளையின் குறைகளைச் சொல்வதற்கென்று தனியாக ஒரு தலைப்பு இருந்தது. அது பொறியாளர்களுக்காக எழுதப்பட்டது, கடைக்காரருக்கு எப்படிப் பொருந்தும் என்று யாராவது கேட்பீர்கள். நடை பொருந்தாது, குணம் பொருந்தும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலில், மூல அடைவின் (ஃபோல்டரின்) பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு இட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இடாவிட்டால் அடைவே போகும். அதன் கையேடு இதை வெறுமனே சொல்லிவிட்டுப் போகாமல், ஒரே விளைவைத் தரும் இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவணத்தில், தன் கட்டளை, தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்.லின் தரநிலையிலிருந்து எங்கே விலகுகிறது என்பதைச் சொல்ல அந்தந்தப் பக்கத்தின் இறுதியில் ஒரு பகுதி உண்டு; பதிப்பு வாரியாகப் பக்கங்களும் தனித்தனியே கிடைக்கின்றன. பக்கத்தில் பதிப்பு எண் இல்லாத கையேட்டை நான் நம்புவதில்லை.

பயிற்சி, செய்முறை, குறிப்பகராதி, விளக்கம் என்று ஆவணங்களை நான்காகப் பிரிக்கும் டேனியேலே புரோசிடாவின் முறையைப் பலரும் உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் நான்கையும் ஒரே வாரத்தில் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், செய்முறையிலிருந்து தொடங்குங்கள். காணொளி போதும் என்று வாதிடுவோருடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வரிசையில் வாடிக்கையாளர்கள் நிற்க, கல்லாவில் இருப்பவர் காணொளியை ஓட்டி ஓட்டித் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் உங்கள் மேலாளரிடம் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலையில் அல்லாமல், சோதனைக்குழுவுக்குப் போகும் அதே நாளில் புதிய பதிப்பு கையேடு எழுதுபவரின் கைக்கும் வர வேண்டும். எங்களுக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை.