குற்றி ஏற்றப் பழைய பெக்கோ வாங்கலாமா?

கேள்வி: துணுக்காய்ப் பக்கம் இருக்கிறேன். வளவுகளில் நிற்கும் தேக்கு, வேம்பு, பாலை மரங்களை அனுமதிப்பத்திரத்தோடு வாங்கித் தறித்து மரக்காலைக்குக் கொடுப்பது என் தொழில். குற்றி இழுக்கவும் லொறியில் ஏற்றவும் மெசின் வாடகைக்குப் பிடிப்பதிலேயே லாபம் போய்விடுகிறது. ஜப்பானில் இருந்து வந்த மூன்றரைத் தொன் பெக்கோ (மண் தோண்டும் மெசின்) ஒன்று விலைக்கு நிற்கிறது. 25 வருடப் பழசு, மீற்றரில் 4,200 மணித்தியாலம். கையில் உள்ள காசு முழுவதையும் போட்டால் வாங்கலாம். அப்பா வேண்டாம் என்கிறார். என்ன செய்ய?

பதில்: தம்பி, மெசின் நல்லதாக இருந்தால் வாங்குங்கள். ஆனால் முழுக் காசையும் போட்டு வாங்க வேண்டாம். அந்த இடத்தில் அப்பா சொல்வதுதான் சரி. விலையில் மூன்றில் ஒரு பங்காவது திருத்த வேலைக்கென்று தனியாக வைக்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் வாடகைக்கே பிடியுங்கள். ஹைட்ரோலிக் பம் ஒன்று போனால் மெசின் மாதக்கணக்கில் வளவில் நிற்கும். அப்போது வாடகைக் காசும் கட்ட வேண்டி வரும்.

மீற்றரை நம்பாதீர்கள். 4,200ஐ 25ஆல் பிரித்துப் பாருங்கள், வருடத்துக்கு 170 மணித்தியாலம் கூட வரவில்லை. மிதிகட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, லீவர்களின் பிடி எப்படி வழுவழுத்திருக்கிறது என்று பாருங்கள். வயது அங்கே தெரியும்.

பார்க்கப் போவது விடியக் காலையில் இருக்கட்டும். யாரும் ஸ்டார்ட் பண்ண முன்னமே போய் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். நான் ஒருமுறை பின்னேரம் போய்ப் பார்த்து ஒன்று வாங்கினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்தது, எனக்குப் பெரிய சந்தோசம். வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த நாள் காலையில் முக்கால் மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் வலு, இல்லாத எஞ்சின், நான் போக முன்னமே சூடாக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, மேல் உடம்பு சுழலும் அந்தப் பெரிய பெயாரிங். பக்கெட்டை நிலத்தில் ஊன்றி மெசினின் முன்பக்கத்தை மெதுவாகத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளிக் குந்தியிருந்து மேல் உடம்புக்கும் கீழ் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது வாய் திறந்து மூடுவதுபோல் ஆடி, 'டக்' என்று சத்தமும் வந்தால் அந்த மெசினை விட்டுவிடுங்கள். பக்கெட் பின், புஷ் தேய்ந்திருந்தால் பயமில்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ லேத் பட்டறையில் கடைந்து போடலாம். சுழல் பெயாரிங்கை அப்படிக் கடைந்து போட முடியாது.

பூமை (மெசினின் பெரிய கையை) உயர்த்தி எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். கண்ணுக்குத் தெரிய இறங்கி வந்தால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. ஹைட்ரோலிக் ஒயில் பால்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருகிய மணம் வந்தால் அந்த மெசின் நெடுநாள் சூட்டில் வேலை செய்திருக்கிறது.

வாங்கிய பிறகு நிறைய மெசின்கள் கெடுவது பாரத்தால். மூன்று மீற்றர் நீளம், அரை மீற்றர் விட்டமுள்ள பாலைக் குற்றி ஒன்றை எடுங்கள். பாலை தண்ணீரில் தாழும் மரம், அந்தக் குற்றி 600 கிலோவைத் தாண்டும். உங்கள் மெசின் அதைக் கிட்ட வைத்துத் தூக்கக்கூடும், கையை நீட்டிப் பிடித்தால் மெசினே கவிழும். குற்றி பிடிக்கும் கவ்வி பூட்டினால் அதன் பாரமும் கணக்கில் கழியும். மண் தள்ளும் தட்டை நிலத்தில் ஊன்றி, அந்தப் பக்கமாகவே தூக்குங்கள், பக்கவாட்டில் வேண்டாம். குற்றியை நிலத்தோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். நிற்கும் மரத்தை இந்த அளவு மெசினால் தள்ளி விழுத்தப் பார்க்கவே கூடாது, மரம் உங்கள் தலைக்கு மேலேயே வரும்.

போர் நடந்த நம் மண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கட்டையை வேரோடு கிளப்பும் வேலைக்கு ஒத்துக்கொள்ளுமுன் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். அகற்றியிருந்தாலும் அது ஓர் அளவு ஆழம் வரைதான், வேர் அதற்கும் கீழே போகும். இரும்புபோல் ஏதாவது தட்டுப்பட்டால் மெசினை அப்படியே நிறுத்தி, வந்த தடத்திலேயே நடந்து வெளியேறி, பொலிசுக்குச் சொல்லுங்கள். மரத்துக்குள்ளும் வெடித்த செல் குண்டின் துண்டு இருக்கும். மரக்காலையில் வாள் அதில் பட்டுத் தீப்பொறி பறந்து ஒரு வரிசைப் பல் உதிர்ந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பட்டை வீங்கித் தழும்பேறிய மரத்தை விலை பேசும்போதே யோசியுங்கள்.

பராமரிப்பு என்றால், காலையில் ஒயில் பார்த்து, டீசல் பில்டரில் தங்கிய தண்ணீரை வடித்து, எல்லாப் பின்னுக்கும் கிறீஸ் அடிப்பது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் தூசியும் மரத்தூளும் சருகும் சேர்ந்து ரேடியேற்றரை மூடிவிடும். மத்தியானம் ஒருமுறை நிறுத்தித் துப்புரவாக்குங்கள், எஞ்சினைச் சுற்றி அடைந்த சருகையும் எடுங்கள், அது தீப்பிடிக்கும். கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் விட வேண்டாம். உங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் படிகிற வெள்ளைதான் அங்கேயும் படியும். கூலன்ட் வாங்கி ஊற்றுங்கள்.

ஹைட்ரோலிக் ஹோஸ் கசிகிறதா என்று ஒருநாளும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையால் வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே எடுக்க வேண்டி வரலாம். மட்டை ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அப்படிக் குத்துப்பட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, வாங்குவதென்று முடிவானால் முதல் நாளே எல்லா ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். பழைய சொந்தக்காரர் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் மீற்றர் கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எஞ்சின் ஒயிலை அடுத்து மாற்ற அதிலிருந்து 250 மணித்தியாலம் எண்ணத் தொடங்குங்கள்.