லித்தியம் கொடுக்கும் வீட்டில்

வாசகர் கேள்விகள்

கேள்வி: 14 வயது மகனுக்கு இருமுனைக் கோளாறு (மனம் அளவுக்கு மீறி எழுவதும் ஆழமாகத் தாழ்வதுமாக மாறும் நோய்). அதற்கு மூன்று வாரமாக லித்தியம் சாப்பிடுகிறான். ரத்தத்தில் அளவு 1.3 என்று வந்திருக்கிறது. அன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டுதான் லேபுக்குப் போனோம். பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் லித்தியம் ஏறித்தான் இருக்கும். அந்த எண்ணை வைத்து மருந்து கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது. கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து எடுத்த அளவுதான் கணக்கு. இரவு 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் லேப் சீட்டிலேயே எழுதிவையுங்கள். இன்றே மருத்துவருக்கும் அதைச் சொல்லுங்கள். இரவு மாத்திரையைப் பற்றி அவர் முடிவு செய்வார்.

பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். 1.5 தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகல் என்பதால்தான் இந்தக் கடிகாரக் கணக்கு. டோஸை மாற்றினால் 5 முதல் 7 நாள் கழித்தே மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு முன் அளவு நிலைபெறாது. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

விரல் நுனி லேசாக நடுங்குவது பலருக்கும் உண்டு. அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். ஆனால் கை பெரிதாக உதறுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, குழப்பம், விடாத வாந்தி பேதி இவற்றில் எது வந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால்?

பதில்: லித்தியம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் அதை ஏறக்குறைய உப்பைப் போலவே நடத்தும். பேதியிலும் வியர்வையிலும் உடல் உப்பையும் நீரையும் இழந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கும். லித்தியமும் கூடவே தங்கிவிடும். நேற்றுவரை சரியாக இருந்த அதே டோஸ் இப்படித்தான் அதிகமாகிறது. எனவே வாந்தி பேதி தொடர்ந்தால் அடுத்த வேளை மாத்திரையைத் தருவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். எப்போது நிறுத்திவைப்பது, மறுபடி எப்போது தொடங்குவது என்பதைப் பிள்ளை நலமாக இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிவைப்பது இன்னும் நல்லது. நள்ளிரவில் அந்தத் தாள் கைகொடுக்கும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன் ஆகிய வலி மாத்திரைகள் வேண்டாம். இவை லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். வீட்டுச் சமையலில் உப்பைத் திடீரென்று குறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: 17 வயது மகள் மனநிலையைச் சீராக வைக்கும் லாமோட்ரிஜின் 100 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தாள். மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் விட்டுப்போனது. மறுபடி 100 தரலாமா?

பதில்: கூடாது. ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பொதுவாக முதல் நாள் டோஸிலிருந்தே மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். வயது குறைந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். கூடவே வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மனநிலை மருந்தும் சாப்பிட்டால் இன்னும் அதிகம், ஏனென்றால் அது லாமோட்ரிஜினை உடலில் தங்கவைக்கும். தடிப்பு தெரிந்தால், சிறியதானாலும், அன்றே காட்டுங்கள். வாயிலோ கண்ணிலோ புண், காய்ச்சல் சேர்ந்தால் நேராக மருத்துவமனைதான்.

கேள்வி: ஓலன்சபின் என்ற மனநல மருந்து தொடங்கி நான்கு மாதத்தில் மகளுக்கு 8 கிலோ ஏறிவிட்டது. மனம் தெளிவாக இருக்கிறது, ஆனால் கண்ணாடி பார்க்கவே மறுக்கிறாள். நாங்களே பாதியாக்கலாமா?

பதில்: அவள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. "எடைதானே" என்று யாரும் தள்ளிவிட விடாதீர்கள். ஆனால் திடீரென்று பாதியாக்கினால் முதலில் தூக்கம் போகும், பின்னாலேயே நோய் திரும்பலாம். வாரம் ஒருமுறை எடையையும், தினமும் தூங்கிய மணி நேரத்தையும் குறித்து எடுத்துப்போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். மருந்து தொடங்கும் முன்பும் மூன்றாம் மாதத்திலும் பார்த்திருக்க வேண்டும். எடை குறைவாக ஏற்றும் வேறு மருந்துக்கு மெல்ல மாற்றலாமா, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினை எடைக்காகச் சேர்க்கலாமா என்றும் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

கேள்வி: 16 வயது மகன், தன் மாத்திரையைத் தானே வைத்துக்கொள்வேன் என்கிறான்.

பதில்: நேரம் பார்ப்பதையும் குறிப்பெழுதுவதையும் அவனிடமே கொடுங்கள். மாத்திரை அட்டைகள் மட்டும் பூட்டில் இருக்கட்டும். மனம் தாழும் ஒரு நாளில் மொத்தமாக விழுங்கிய லித்தியம் உயிரைப் பறிக்கலாம். இந்தக் காரணத்தை மறைக்காமல் அவனிடமே சொல்லுங்கள். அன்றன்றைய வேளைக்கு மட்டும் எடுத்துக் கொடுத்து, அவன் விழுங்குவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.