அந்த அட்டையில் யார் பெயர்?

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். 9 வயதில் ஒரு மகள். குடும்பம் கலையக் கூடாது. மகளிர் குழுவில் 1 லட்சம் கடன் வாங்கிக் கடை போட்டு நன்றாகச் சம்பாதித்தால் கை நீட்ட மாட்டார் என்று நினைக்கிறேன். வசூலில் பிரச்சினை இல்லை, ஜிபேயில் அவர் நம்பருக்கே வந்துவிடும். கடன் வாங்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: இப்போது வாங்காதீர்கள்.

"அவர் நம்பருக்கே வந்துவிடும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே அம்மா, எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கும் ஜிபே அட்டையில் அவர் பெயர். கண் வலிக்க ஊக்கு கட்டுவது நீங்கள், கூலி வாங்குவது அவர். அவர் குடிக்கிற காசு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? கடை போட்டாலும் தவணை உங்கள் தலையில், வசூல் அவர் கையில். ஒரு தவணை தவறினால் குழுப் பெண்கள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

சம்பாதித்தால் அடி நிற்கும் என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளும் அடி வாங்கிக்கொண்டு எனக்கு எழுதுகிறார்கள்.

அவருக்குக் கணக்கு இல்லாத வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்குங்கள். தனி சிம் வாங்குங்கள். பாஸ்புக்கை வீட்டில் வைக்காதீர்கள். அட்டையை ஒரே நாளில் கிழித்துப் போட வேண்டாம். பணம் வரவில்லை என்று அவருக்குத் தெரிகிற நாள்தான் ஆபத்தான நாள். அதற்கு முன்பே பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம், வருமானச் சான்று தேவையில்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் காசு தராமல் முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. தேவைப்பட்டால் அவரை வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

குடும்பம் பெரிது என்று நம்புகிறவள்தான் நானும். அதனால்தான் கோபம் வருகிறது. அதைக் காப்பாற்றும் கடமை அவருக்கும் உண்டு. அவர் கை ஓங்கும்போதெல்லாம் அதை உடைக்கிறார். உங்கள் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கணக்கு தொடங்கியதும் எழுதுங்கள். கடையைப் பற்றி அப்போது பேசுவோம்.