வேற்றுக்கிரகவாசிகளோடு பேசுவதாகச் சொல்பவர்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: என் சித்தி கொஞ்ச நாளாகத் தேக்கா பக்கம் ஒரு தியான வகுப்புக்குப் போகிறார். அதை நடத்துபவர் பிளையாடிஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் உயிர்களோடு மனத்தாலேயே பேசுகிறாராம். இப்படி வேற்றுக்கிரகவாசிகளோடு தொடர்பு இருப்பதாகச் சொல்பவர்களுக்கு அறிவியல் ரீதியாக ஏதாவது நம்பகத்தன்மை உண்டா?

பதில்:

இல்லை. இதுவரை ஒருவருக்குக்கூட இல்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு "எல்லாம் புளுகு" என்று சித்தியிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். இப்படிச் சொல்பவர்களில் கணிசமானவர்கள் பொய் சொல்வதில்லை. தங்களுக்கு நடந்ததாக அவர்கள் உண்மையிலேயே நம்புகிறார்கள். அதனால் ஆள் நல்லவரா, படித்தவரா, பணம் வாங்குகிறாரா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. அந்தப் பேச்சிலிருந்து அவர் எதைக் கொண்டுவந்தார் என்றுதான் நான் பார்ப்பேன். நமக்குத் தெரியாத, பின்னால் சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு விஷயமாவது அதில் இருந்ததா?

முதலில் பொய் சொல்லாதவர்களைப் பற்றி. இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவை செய்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள், ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் ராத்திரி நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்தது என்று ஒரு கதையாவது வரும். எங்கள் முகாம் அறையில் இருந்த மலாய் நண்பன் அதைக் 'கெனா திண்டே' என்பான். சீன நண்பர்கள் கட்டிலை அழுத்தும் பேய் என்பார்கள். என் பாட்டிக்கு அது அமுக்குவான் பேய். மூன்று வீட்டுக் கதையிலும் நடப்பது ஒன்றுதான்: விழிப்பு வந்துவிடும், கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, மூச்சு முட்டும், அறையில் யாரோ நிற்கிறார்கள் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். மருத்துவத்தில் இதைத் தூக்க முடக்கம் என்கிறார்கள். கனவு காணும் கட்டத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் கனவு பாதி, நனவு பாதி. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருப்பது தெரிந்தது. அபூர்வமான சமாச்சாரமே இல்லை.

நின்றது யார் என்பதைத்தான் ஊர் முடிவு செய்கிறது. பாட்டிக்குப் பேய். 1970, 80களின் அமெரிக்கருக்குச் சாம்பல் நிறத் தோலும் பெரிய கறுப்புக் கண்களும் உள்ள குள்ள உருவம், ஏனென்றால் அவர் பார்த்த தொலைக்காட்சியில் அது இருந்தது.

ஹார்வர்டில் ஜான் மேக் என்று ஒரு மனநலப் பேராசிரியர் இருந்தார். 1977இல் புலிட்சர் பரிசு வாங்கியவர், லேசான ஆள் இல்லை. தங்களை வேற்றுக்கிரகவாசிகள் கடத்திப் போனதாகச் சொன்ன பலரைச் சந்தித்து, இவர்கள் மனநோயாளிகள் அல்லர் என்றார். அது சரிதான். ஆகவே நடந்தது மெய்யாக இருக்கலாம் என்று அடுத்த அடி வைத்ததில்தான் சிக்கல். அதே ஹார்வர்டில் ரிச்சர்ட் மெக்னாலி, சூசன் கிளான்சி ஆகியோர் இப்படிப்பட்டவர்களை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். காட்டாத சொல்லைக் காட்டியதாக நினைவுகூரும் போக்கு அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. இன்னொரு சோதனையில், அவர்களுடைய கடத்தல் கதையை ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டியபோது இதயத் துடிப்பும் வியர்வையும் போரில் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கு ஏறுவது போலவே ஏறின. உடம்பு நடுங்குகிறது என்பதற்காக நினைவு உண்மையாகிவிடாது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். "கண் கலங்கச் சொன்னாரே, பொய்யா இருக்குமா" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஹிப்னாடிசம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1961 செப்டம்பரில் இரவு காரில் வந்த பெட்டி ஹில், பார்னி ஹில் தம்பதிதான் கடத்தல் கதைகளுக்கெல்லாம் மூலவர்கள். அன்று அவர்கள் முதலில் பார்த்தது வானத்தில் ஒரு வெளிச்சம். அதற்குப் பிறகு பெட்டிக்குக் கெட்ட கனவுகள் வந்தன. 1964இல் பாஸ்டன் மருத்துவர் பெஞ்சமின் சைமன் ஹிப்னாடிச முறையில் விசாரித்தபோதுதான் முழுக் கதையும் வந்தது. கேட்டு எழுதிய அந்த மருத்துவரே, பெட்டியின் கனவுகளைப் பலமுறை கேட்டு பார்னியின் மனத்தில் உருவான கற்பனை இது என்ற முடிவுக்கு வந்தார். கதையைப் பரப்பியவர்கள் ஹிப்னாடிசத்தை எடுத்துக்கொண்டார்கள், மருத்துவரின் முடிவை விட்டுவிட்டார்கள்.

சரி, இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். வேற்றுக்கிரகவாசிகள் கொடுக்கும் முகவரியைக் கவனியுங்கள்.

1952 நவம்பர் 20 அன்று கலிபோர்னியப் பாலைவனத்தில் வெள்ளிக் கிரகத்திலிருந்து வந்த ஒருவரைச் சந்தித்ததாக ஜார்ஜ் ஆடம்ஸ்கி சொன்னார். நீண்ட பொன்னிற முடி, அழகான முகம், அணுகுண்டு வேண்டாம் என்ற அறிவுரை. அந்தக் காலத்தில் வெள்ளியின் மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, காடும் கடலும் இருக்கலாம் என்று நினைத்த படித்தவர்களும் இருந்தார்கள். 1962 டிசம்பரில் மரினர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்து போய் அது கொதிக்கும் உலை என்று காட்டியது. தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ், ஈயம் உருகிவிடும். காற்றழுத்தம் இங்கே இருப்பதைப் போல 90 மடங்குக்கு மேல். பொன்னிற முடி என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். நிலவின் மறுபக்கத்தில் காடும் பனியும் பார்த்ததாகவும் ஆடம்ஸ்கி எழுதியிருந்தார். 1959இல் சோவியத்தின் லூனா 3 அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியது. பள்ளங்கள், பாறை, அவ்வளவுதான். ரஷ்யர்கள் படத்தைத் திருத்திவிட்டார்கள் என்றார் அவர்.

விண்கலங்கள் பக்கத்துக் கிரகங்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் விருந்தாளிகள் வீடு மாற்றிக்கொண்டார்கள். வெள்ளியும் செவ்வாயும் போய், ஜீட்டா ரெட்டிகுலி என்ற விண்மீன் வந்தது, பிளையாடிஸ் வந்தது. இப்போது 'வேறு பரிமாணம்' வரைக்கும் போயாகிவிட்டது. எங்கே நம் கருவி எட்டுமோ அங்கே அவர்கள் இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்னேறியவர்கள் யாராவது ஒருவர், 1952இலேயே "வெள்ளிக்குக் கலம் அனுப்புங்கள், தரை இவ்வளவு சூடாக இருக்கும்" என்று ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் இன்று நான் வேறு மாதிரி பதில் எழுதிக்கொண்டிருப்பேன்.

உங்கள் சித்தியின் பிளையாடிஸ் நமக்குப் பழக்கமானதுதான், கார்த்திகை நட்சத்திரம். முருகனுக்குப் பால் கொடுத்த ஆறு பெண்கள். சிங்கப்பூர் வெளிச்சத்திலும் வருடக் கடைசியில் வானம் தெளிந்த இரவில் ஒரு சின்ன மங்கலாகத் தெரியும், பைனாகுலர் இருந்தால் அழகு. சுமார் 440 ஒளியாண்டு தூரம், அதாவது இன்று நாம் பார்க்கும் வெளிச்சம் மதுரையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்டது. தூரம்கூடப் பரவாயில்லை, மனம் ஒளியைவிட வேகம் என்று வகுப்பில் சொல்லிவிடுவார்கள். வயதை என்ன செய்வது? அந்த விண்மீன்களுக்குச் சுமார் 10 கோடி வயதுதான். டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூமியின் வயது 450 கோடி, அதில் மிகப் பெரும் பகுதி வெறும் நுண்ணுயிர்களோடு கழிந்தது. பிளையாடிஸில் கிரகம் இருந்தாலும் அது இன்னும் விண்கல் அடி வாங்கிக்கொண்டிருக்கும் குழந்தை. அங்கே ஞானிகள் எப்படி? 1970களில் சுவிட்சர்லாந்தின் பில்லி மையர் இந்த முகவரியைப் பிரபலப்படுத்தினார். அதற்கு முன் உலகத்தில் யாரும் பிளையாடிஸோடு இவ்வளவு பேசியதில்லை.

வேற்றுக்கிரக உயிரை அறிவியல் வேண்டுமென்றே மறைக்கிறது என்றும் வகுப்பில் சொல்வார்கள். இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், ஏனென்றால் என் பிழைப்பே ரேடியோ அலை. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்காக இன்டர்ஃபியரன்ஸ், அதாவது அலைக் குறுக்கீடு, எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்கும் வேலை. புளோக் மொட்டைமாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றால், புரியாத இரைச்சல் எப்போதும் வரும். முதலில் செய்வது, ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்புவது. அப்படியும் அதே பலத்தில் வந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறான். பெரும்பாலும் யாரோ வீட்டில் மாட்டிய மலிவான சிக்னல் பூஸ்டர்தான்.

வானொலி வானியலாளர்களும் இதையேதான் செய்கிறார்கள், நட்சத்திரத்தைப் பார்த்து ஒருமுறை, தள்ளிப் பார்த்து ஒருமுறை. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி 1.337 விநாடிக்கு ஒருமுறை துல்லியமாகத் துடிக்கும் சமிக்ஞையைக் கண்டார். குட்டிப் பச்சை மனிதர்கள் என்று பாதி வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். உடனே பத்திரிகையாளரைக் கூப்பிடவில்லை. வானத்தின் வேறொரு மூலையில் அதேபோல் இன்னொன்று கிடைத்தபோது, இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று புரிந்தது. சுழலும் நியூட்ரான் விண்மீன்கள், இன்று பல்சார் என்கிறோம். (அதற்கான நோபல் 1974இல் அவருடைய பேராசிரியருக்குப் போனது. அந்தக் கதையை இன்னொரு நாள் பேசலாம்.) ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகளாகக் குழப்பிக்கொண்டிருந்த ஒரு வகைச் சமிக்ஞை எங்கிருந்து வந்தது என்று 2015இல் கண்டுபிடித்தார்கள்: மைக்ரோவேவ் அடுப்பு முடிவதற்குள் யாரோ பொறுமையில்லாமல் கதவைத் திறந்ததால். அதையும் கட்டுரையாக வெளியிட்டார்கள்! அதே தொலைநோக்கியில் 2019இல், சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரி பக்கமிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஒன்று வந்தது. தள்ளிப் பார்க்கும் சோதனையில்கூட அது தேறிவிட்டது. மேலும் தோண்டியதில் அதே ஜாடையில் வேறு அலைவரிசைகளில், நட்சத்திரத்தைப் பார்க்காத நேரத்திலும் வந்த சமிக்ஞைகள் கிடைத்தன. பூமிக் கருவிதான் என்று 2021இல் எழுதிவிட்டார்கள். கண்டுபிடித்தால் உலகப் புகழ் கிடைக்கும் ஒரு விஷயத்தைத் தாங்களே உடைத்துக் காட்டுகிறவர்கள் மறைக்கிறார்கள் என்றால் எப்படி நம்புவது?

அமெரிக்க அரசு வேற்றுக்கிரகக் கலங்களை மீட்டு மறைத்து வைத்திருக்கிறது என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 2023இல் முன்னாள் உளவுத்துறை அதிகாரி டேவிட் கிரஷ் சத்தியம் செய்து சொன்னதைப் பற்றி யாராவது பின்னூட்டத்தில் கேட்பீர்கள். அவர் மற்றவர்கள் சொன்னதாகத்தான் சொன்னார், பொருள் எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. 2024 மார்ச்சில் வந்த அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை அறிக்கையும் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்றது.

வகுப்பில் கேட்க ஒரு கேள்வி வேண்டுமென்றால் அமெரிக்க வானியலாளர் கார்ல் சாகன் செய்ததையே செய்யலாம். வேற்றுக்கிரகத் தொடர்பு இருப்பதாக எழுதுபவர்களிடம், கணிதத்தில் நெடுங்காலம் நிரூபிக்கப்படாமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கோ கோல்ட்பாக் கணிப்புக்கோ ஒரு நிரூபணம் வாங்கித் தரச் சொல்வாராம். பதில் வராது. நாம் நல்லவர்களாக இருக்க வேண்டுமா என்று கேட்டால் மட்டும் உடனே வருமாம். ஃபெர்மாவை 1990களில் ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற மனிதர் முடித்துவிட்டார். கோல்ட்பாக் 1742இலிருந்து அப்படியே இருக்கிறது: 2க்கு மேற்பட்ட எந்த இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம், 10 என்றால் 3ம் 7ம், 28 என்றால் 5ம் 23ம். எல்லா எண்ணுக்கும் இது பொருந்தும் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. மனத்தால் 440 ஒளியாண்டு தாண்டிப் பேசுபவர்களுக்கு இரண்டு பக்கக் கணக்கு ஒரு பாரமா?

சித்தியிடம் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அவருக்கு அங்கே பேச ஆள் கிடைத்திருக்கலாம், மனம் லேசாகியிருக்கலாம். தியானத்தால் பொதுவாகக் கெடுதல் இல்லை. வகுப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதா, வீட்டு ஆட்களிடமிருந்து விலகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். 1997இல் கலிபோர்னியாவில் வால்மீனுக்குப் பின்னால் விண்கலம் வருகிறது என்று நம்பி 39 பேர் உயிரை விட்ட கூட்டமும் முதலில் எல்லாரையும் குடும்பத்திலிருந்து பிரித்துத்தான் ஆரம்பித்தது. சித்திக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்து, மருந்தை நிறுத்தச் சொல்லி 'அங்கிருந்து' ஒரு செய்தி வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அடுத்த நாளே பாலிகிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், வழியில் பிளையாடிஸைப் பற்றி வாதாட வேண்டாம்.