வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் தொழிலாளர்களே நூலகமும் மருத்துவமும் நடத்தினார்களாமே, பணத்துக்கு என்ன செய்தார்கள்?

கூலிப் பிடித்தம்தான். சுரங்கக் கம்பெனி சில ஊர்களில் கட்டடத்துக்குக் கடன் கொடுத்தது உண்டு. ஆனால் மாதாமாதம் ஓட்டியது தொழிலாளர் காசு.

பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று தொழிலாளர்கள் முடிவு செய்வார்கள். சுரங்க ஆபீசில் கூலி கொடுக்கும்போதே அதைக் கழித்து, மொத்தமாகக் கமிட்டியிடம் சேர்த்துவிடுவார்கள். வீடு வீடாக வசூல் இல்லை, பாக்கியும் இல்லை. டிரெடிகர் ஊரில் 1890-இல் தொடங்கிய மருத்துவ உதவிச் சங்கத்துக்குப் பவுண்டுக்கு 3 பென்னி. அன்றைய பவுண்டு 20 ஷில்லிங், அதாவது 240 பென்னி. வாரம் 2 பவுண்டு 10 ஷில்லிங் வாங்கியவருக்கு ஏழரைப் பென்னி போகும். நூற்றுக்கு ஒன்றேகால் வீதம். பதிலுக்கு டாக்டர், மருந்து, பல் வைத்தியம் எல்லாம் குடும்பத்துக்கே கிடைத்தன. அந்தச் சங்கத்தின் கமிட்டியில் இருந்தவர்தான் அனூரின் பெவன், 13 வயதில் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். பிரிட்டிஷ் சுகாதார அமைச்சராகி 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கினார்.

'இன்ஸ்டிட்யூட்' எனப்பட்ட தொழிலாளர் மன்றங்களுக்கும் இதே ஏற்பாடு. படிப்பறை, நூலகம், பில்லியர்ட்ஸ் மேசை, பெரிய ஹால், சில இடங்களில் சினிமா. பில்லியர்ட்ஸை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. நூலகம் செலவு வைக்கும். மேசை வாடகையும் சினிமா டிக்கெட்டும்தான் வரவு.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் பிடித்தத்திலேயே இருக்கிறது. கூலி நின்றால் நிதியும் நிற்கும். சுரங்க முதலாளிகள் தொழிலாளர்களை வேலைக்கு விடாமல் அடைத்த 1926 கதவடைப்பு மே முதல் ஏறக்குறைய ஏழு மாதம் நீண்டது. அதன்பின் வந்த வேலையில்லாக் காலத்தில் படிப்பறையில் கூட்டம் நிரம்பியது, புது நூல் வாங்கத்தான் காசில்லை. 1920 சட்டப்படி நிலக்கரி டன்னுக்கு ஒரு பென்னி வீதம் சேர்ந்த சுரங்கத் தொழிலாளர் நலநிதி ஓரளவு கைகொடுத்தது. பிறகு தொலைக்காட்சி வந்து சினிமா வரவைத் தின்றது. சுரங்கங்களே மூடிக்கொண்டு வந்தபோது பிடிக்கக் கூலியே இல்லை. ரோண்டா பள்ளத்தாக்கின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. நூலகங்கள் பல கலைந்தன, புத்தகங்கள் எடைக்குப் போகாத குறையாக விற்கப்பட்டன.

நேரில் பார்க்க வேண்டுமானால் கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1917-இல் கட்டிய ஓக்டேல் மன்றத்தைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே எழுப்பி, 1995-இல் திறந்தார்கள். அதில் படிப்பறையைத் தவறவிடாதீர்கள். ஆனால் உயிரோடு இயங்குவது வேண்டும் என்றால் ட்ரியோர்க்கி ஊரின் 'பார்க் அண்ட் டேர்' மன்றம்: இரண்டு சுரங்கங்களின் பெயரைச் சுமக்கும் அந்தக் கட்டடம் இப்போது உள்ளாட்சி நடத்தும் நாடக அரங்கு. கலைந்த நூலகங்களில் மிஞ்சிய நூல்களைப் பார்க்க, 1973-இல் ஸ்வான்சீயில் தொடங்கிய தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் இருக்கிறது.