'தமிழக ராஜீவ் காங்கிரஸ்' என்று ஒரு கட்சி நிஜமாகவே இருந்ததா? ஒரே ஆள் இருந்ததைக் கட்சி என்று சொல்லலாமா?

கேட்டவர் முப்பது வயதுக்குள் இருப்பார், சேலம் பக்கம் வந்தே இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வந்திருந்தால் அந்த இரண்டாவது வரியைச் சேர்த்திருக்க மாட்டார்.

இருந்தது. எங்கப்பா அதில் ஒன்றிய அளவில் பொறுப்பில் இருந்தார். வாழப்பாடி பேளூர் ரோட்டில் பாக்கு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டே கட்சி வேலையும் பார்த்தவர். எனவே இது நடுநிலையான பதில் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதை ஆரம்பித்த வாழப்பாடியார், அதாவது வாழப்பாடி ராமமூர்த்தி, சாதாரண ஆள் இல்லை. 1977-ல் தர்மபுரி எம்.பி., அப்புறம் கிருஷ்ணகிரியில் தொடர்ந்து நான்கு முறை. மாநிலக் காங்கிரஸ் தலைவர். 1991-ல் நரசிம்ம ராவ் அமைச்சரவையில் இருந்து காவிரிப் பிரச்சினைக்காக ராஜினாமா செய்தவர். பிறகு ராவோடு ஒத்துப்போகாமல் என்.டி.திவாரி பிரிந்து நடத்திய காங்கிரஸுக்குப் போய், கடைசியில் சொந்தமாக ஆரம்பித்ததுதான் தமிழக ராஜீவ் காங்கிரஸ். 1998-ல் அதிமுக, பாஜக கூட்டணியில் கிடைத்தது ஒரே தொகுதி, சேலம். அதில் ஜெயித்தார். தேர்தல் ஆணையக் கணக்கில் அவர் சுயேச்சை. "ஒரே ஆள்" என்ற கேலி அங்கிருந்துதான் வருகிறது.

அந்த ஒரே ஆளைத்தான் வாஜ்பாய் பெட்ரோலியத் துறை அமைச்சராக்கினார். கேஸ் இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மந்திரி நம்ம ஊர்க்காரர் என்றதும் காலையில் பல் விளக்குவதற்குள் எங்கள் திண்ணையில் நாலு பேர் மனுவோடு உட்கார்ந்திருப்பார்கள். "அண்ணா, ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா." அப்பாவும் எல்லாவற்றையும் வாங்கி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சேலம் பஸ் ஏறுவார். யார் யாருக்கோ சிலிண்டர் வந்தது. எங்கள் வீட்டில் அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில்தான் சமைத்துக்கொண்டிருந்தார். "நமக்கே எழுதிக்கிட்டா ஊர் என்ன பேசும்" என்பார் அப்பா. அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

1999 ஏப்ரலில் ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கினார். வாழப்பாடியார் வாஜ்பாயோடு நின்றார். 269-க்கு 270, ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது. அந்த 269-ல் எங்கள் ஓட்டும் ஒன்று. அடுத்த தேர்தலில் திமுக ஆதரவோடு நின்றும் சேலத்தில் அதிமுகவின் செல்வகணபதியிடம் தோற்றார். கட்சி அதோடு முடிந்த மாதிரிதான். மறுபடி காங்கிரஸிலேயே சேர்ந்தார். 2002 அக்டோபரில் காலமானார்.

"காங்கிரஸ் பெயரை வைத்துக்கொண்டு பாஜகவுக்குக் கொடி பிடித்தவர்கள்" என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். அந்தச் சில வருஷங்களில் இங்கே யார் யாரோடு சேரவில்லை என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு எழுதுங்கள். பிரிந்து போவதும் புதிதல்ல. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியின் ஆதரவாளர்களே 1957-ல் காமராஜரோடு முறைத்துக்கொண்டு சீர்திருத்தக் காங்கிரஸ் நடத்தினார்கள். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் அவர்கள் ஆளான வி.கே.ராமசாமி முதலியார். இரண்டே வருஷத்தில் சுதந்திராக் கட்சியில் கரைந்துபோனார்கள். அவர்களைப் பார்த்து யாரும் "அது ஒரு கட்சியா" என்று கேட்பதில்லை.

எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் சட்டமன்றம்தான். எங்களுக்கு எம்.எல்.ஏ. இல்லை. காங்கிரஸிலிருந்து பிரிந்த தமாகா (தமிழ் மாநிலக் காங்கிரஸ்) 2001-ல் 23 பேரை ஜெயிக்க வைத்து, மறுவருஷம் தாய்க்கட்சிக்குத் திரும்பியபோது பேரம் பேசித் திரும்பியது. அதன் தலைவர் வாசன் காங்கிரஸின் மாநிலத் தலைவரே ஆனார். எங்கப்பா திரும்பிப் போனபோது புதிய உறுப்பினர் படிவத்தை நீட்டினார்கள். ராவ் காலத்துக்கு முன்பே ஒன்றியத்தில் இருந்தவருக்கு! நீட்டியவர் அப்பாவிடம் போஸ்டர் ஒட்டக் கற்றுக்கொண்டவர். பெயர் வேண்டாம், இன்னும் இருக்கிறார்.

     

சரி, கேள்விக்கு வருகிறேன். கட்சிதான். அப்பா இப்போது எங்களோடு அம்மாபேட்டையில் இருக்கிறார், இன்றும் காங்கிரஸ்காரர். 2024-ல் கூட்டணியில் சேலம் திமுகவுக்குப் போனது. வேட்பாளர் யார் தெரியுமா? 1999-ல் வாழப்பாடியாரைத் தோற்கடித்த அதே செல்வகணபதி. வாக்குச்சாவடிக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். யாருக்குப் போட்டார் என்று கேட்டதற்கு, "கூட்டணி தர்மம்டா" என்றார்.